ஜேசன் ராபர்ட்சனின் ஸ்கேட்டிங்: ஆளே மெதுவா, முதல் மூன்று காலடி மட்டும்தான் குறையா?

நீலக்கோடு:

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆடும் டல்லாஸ் ஸ்டார்ஸ் அணியின் லெஃப்ட் விங் (இடப்பக்கத் தாக்குதல் ஆட்டக்காரர்) ஜேசன் ராபர்ட்சன் பற்றிப் பேச்சு வந்தாலே "கை இருக்கிறது, கால் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2017 டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவர் 39வது இடம்வரை காத்திருந்ததற்கும் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதே டிராஃப்டில் டல்லாஸ் 3வது இடத்தில் எடுத்த மிரோ ஹெய்ஸ்கனன், லீகில் பார்க்கவே அழகான ஸ்கேட்டர்களில் ஒருவர். இருவரையும் ஒரே ஐஸில் பார்ப்பதால் ராபர்ட்சனின் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

மறுபக்கம் 2022-23 சீசன் இருக்கிறது: 46 கோல், 63 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), மொத்தம் 109 புள்ளி. அணி டல்லாஸுக்குக் குடிவந்த பிறகு ஒரே சீசனில் மைக் மொடானோ எடுத்திருந்த 93ஐ அவர் தாண்டினார். அப்படியிருந்தும் நான்கு நாட்டு அணிகள் ஆடிய 2025 ஃபோர் நேஷன்ஸ் போட்டிக்கும் 2026 ஒலிம்பிக்கிற்கும் அமெரிக்க அணியில் அவரைச் சேர்க்கவில்லை.

ஸ்கேட்டிங்கை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் இந்த வாதம் முடியாமல் இழுக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வேகம், உச்ச வேகம், எட்ஜ் (பிளேடு விளிம்பு) பிடிப்பு, முன்பின் திரும்புதல், இடி வாங்கும்போது நிலைகுலையாமல் இருப்பது: இவை ஐந்தும் தனித்தனித் திறமைகள். எதில் குறை, அது ஆட்டத்தில் எங்கே வெளிப்படுகிறது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தடுப்பாளர்:

பிரிச்சுப் பார்த்தாலும் மெதுவு மெதுவுதாங்க. எதிர்ல நிக்கிற டிஃபென்ஸ்மேன் கண்ணுல பாருங்க. மெக்டேவிட், மெக்கினன் மாதிரி வேகக்காரங்க நடு ஐஸ்ல வேகம் எடுத்து வந்தா டிஃபென்ஸ்மேன் தன் நீலக்கோட்டுக்கு (தன் பகுதி தொடங்குற கோடு) முன்னாடியே பின்வாங்க ஆரம்பிச்சிடணும். ரெண்டு ஸ்டிக் நீளத்துக்குக் குறைவா இடைவெளி வச்சா வெளிப்பக்கமா தாண்டிப் போயிடுவாங்க. ராபர்ட்சன் பக்கை (ஆடற ரப்பர் வட்டை) எடுத்துட்டு வந்தா அந்தப் பயம் கிடையாது. கோட்டு மேலயே நின்னு, ஒரு ஸ்டிக் நீளத்துக்கு நெருங்கி, பக்கைத் தட்டப் பார்க்கலாம். அதனால அவரே பக்கைச் சுமந்துட்டு எதிரணிப் பகுதிக்குள்ள போற என்ட்ரி கம்மி. அதே அணியோட ரூபே ஹின்ட்ஸ் மாதிரி ஒருத்தர் முன்னாடி ஓடி டிஃபென்ஸைப் பின்னால தள்ளினாத்தான் அவருக்கு இடம் திறக்குது.

நாட்டு அணி விஷயமும் எனக்குப் புரியுது. குறுகிய போட்டியில மேல ரெண்டு வரிசையில இடம் இல்லாதவரைக் கீழ் வரிசையில போட்டா முதல் ஃபோர்செக்கரா (எதிரணிப் பகுதியில பக்கைத் துரத்தற ஆளா) ஓடணும், பெனால்ட்டி கில் (தண்டனையால ஒரு ஆள் குறைஞ்சிருக்கும்போது தடுத்து ஆடறது) பண்ணணும். ரெண்டுக்கும் நின்ன இடத்துலேருந்து பாயுற கால் வேணும்.

வெளிவிளிம்பு:

தடுப்பாளர் சொன்ன இடைவெளிக் கணக்கு சரி. ஆனால் அதற்கான காரணம் உச்ச வேகத்தில் இல்லை, கிளம்பும் விதத்தில் இருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும்.

முதலாவது, காலைத் திரும்ப உடலுக்கு அடியில் கொண்டுவருவது. ஒரு நல்ல ஸ்ட்ரைடில் (ஒரு காலால் தள்ளிச் சறுக்கும் அடி) தள்ளி முடித்த கால் ஐஸை ஒட்டியபடியே இடுப்புக்கு நேர்கீழே வந்து சேர வேண்டும். இரண்டு குதிகாலும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்துதான் அடுத்த தள்ளல் தொடங்க வேண்டும். ராபர்ட்சனின் கால் அவ்வளவு உள்ளே வருவதில்லை. தோள் அகலத்திலேயே இறங்கிவிடுகிறது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உடலுக்கு அடியிலிருந்து 75 செ.மீ. தூரம் பக்கவாட்டில் தள்ள முடியும் என்று வையுங்கள். கால் 25 செ.மீ. வெளியிலேயே இறங்கினால் மிஞ்சுவது 50 செ.மீ. ஒவ்வொரு ஸ்ட்ரைடிலும் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு வேலையே செய்யாமல் போகிறது. தண்டவாளத்தின் இரு கம்பிகளில் ஓடுவதுபோல் இரண்டு கோடுகளில் போகும் ஸ்கேட்டிங் என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, முதல் மூன்று அடி. கிளம்பும்போது பாதங்கள் V வடிவில் நன்றாக வெளியே திரும்பியிருக்க வேண்டும், எடை பிளேடின் முன்பாதியில் இருக்க வேண்டும். அந்த மூன்று அடிகளில் சறுக்கலே இருக்கக்கூடாது; ஓட்டம்தான். நான்காவது அடியிலிருந்துதான் ஸ்ட்ரைடை நீட்ட வேண்டும். உயரமான ஆட்டக்காரர்கள் பலர் இரண்டாவது அடியிலேயே நீளமாகத் தள்ளப் பார்ப்பார்கள். ராபர்ட்சன் 6 அடி 3 அங்குலம். நீளமான கால் ஒரு சுற்று முடித்துத் திரும்ப நேரம் எடுக்கும், அதனால் அடிகளின் எண்ணிக்கை குறைகிறது. கிளம்பும் வேகத்தில் தள்ளலின் நீளத்தைவிட அடிகளின் எண்ணிக்கைக்குத்தான் பங்கு அதிகம்.

மூன்றாவது, மார்பு. முதல் தள்ளலிலேயே மேலுடம்பு நிமிர்ந்தால் விசை முன்னே போகாமல் மேலே போகும். இது அவரிடம் எப்போதும் இல்லை; களைத்த ஷிஃப்டின் (ஒருமுறை ஐஸில் இறங்கி ஆடும் நேரம்) கடைசி 15 வினாடிகளில் வருகிறது. ஆனால் முதல் இரண்டும் எப்போதும் இருக்கின்றன.

உச்ச வேகம் வேறு விஷயம். ஓடி வர இடம் கிடைத்தால் அவர் பார்ப்பவர்கள் நினைக்கும் அளவு பின்தங்குவதில்லை.

சாணைக்கல்:

பிளேடை மாத்தினா சரியாகிடும்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி, அதுல எது முடியும், எது முடியாதுன்னு சொல்லிடறேன்.

பிளேடோட அடிப்பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம். நடுவுல ஒரு குழிவு வெட்டுவோம், அதனால ரெண்டு பக்கமும் எட்ஜ் நிக்கும். குழிவோட ஆரம் 3/8 அங்குலம்னா ஆழம் அதிகம்: ஐஸை நல்லாக் கடிக்கும், ஆனா சறுக்கல் குறையும், கால் சீக்கிரம் களைக்கும். 1/2 அங்குலம் பொதுவான அளவு. 5/8, 3/4ன்னு போகப் போக கடி குறைஞ்சு சறுக்கல் கூடும். எடை கூடின ஆட்டக்காரர் 3/8 போட்டா பிளேடு ஐஸுக்குள்ள புதையும், அடி எடுக்கவே இழுக்கும். அவங்களுக்கு 5/8 பக்கம் போறதுதான் நல்லது. ஐஸ் இறுகி இருந்தா கொஞ்சம் ஆழம் வேணும், மென்மையா இருந்தா ஆழத்தைக் குறைக்கணும். வெப்பமான ஊர்ல பிளேஆஃப் மாசங்கள்ல ஐஸ் இளகும்ங்கிறதையும் கணக்குல எடுக்கணும்.

அடுத்தது நீளவாட்டு வளைவு. வளைவோட ஆரம் 9 அடின்னா ஐஸைத் தொடுற நீளம் கம்மி, சட்டுன்னு திரும்பலாம். 11 அடின்னா தொடுற நீளம் கூடும், நேர்வேகமும் நிலையும் கூடும், திரும்பறது கடினமாகும். இப்ப முன்பக்கம் சின்ன ஆரம், பின்பக்கம் பெரிய ஆரம்னு ஒரே பிளேடுல ரெண்டு மூணு ஆரம் சேர்த்து வெட்டறாங்க. முன்னால சின்ன ஆரம் கிளம்பறதுக்கு உதவும், பின்னால பெரிய ஆரம் சறுக்கறதுக்கு.

இதுக்கு மேல முன்சாய்வு. பிளேடோட சமநிலைப் புள்ளியைக் கொஞ்சம் பின்னால தள்ளினா உடம்பு தானா முன்னே சாயும், முழங்கால் மடங்கும். ரொம்பத் தள்ளினா பின்பக்கமா ஸ்கேட் பண்ணும்போது முனை குத்தி விழ வேண்டியதுதான்.

இதெல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூர்மை தரும். கால் உடம்புக்கு அடியில வராததை எந்தச் சாணையும் சரிபண்ணாது. ஒண்ணு மட்டும் சோதிச்சுப் பார்க்கலாம்: ரெண்டு எட்ஜும் ஒரே உயரத்துல இருக்கா? பிளேடைத் தலைகீழாப் பிடிச்சு அதுக்குக் குறுக்கா ஒரு நேரான சின்னத் தகடை வைங்க. தகடு பிளேடுக்குச் செங்குத்தா நிக்கணும். ஒரு பக்கம் சாஞ்சா அந்தக் கால் தள்ளும்போது வழுக்கும், ஆட்டக்காரர் தெரியாமலே அந்தப் பக்கத் தள்ளலைக் குறைச்சுக்குவார்.

மூன்றாம்வரிசை:

2024 கோடையில் ராபர்ட்சனுக்குப் பாதத்தில் ஒரு நீர்க்கட்டியை எடுக்க அறுவை சிகிச்சை நடந்தது. பயிற்சி முகாமைத் தவறவிட்டார், அடுத்த சீசன் தொடக்கமும் மந்தம். அப்போதுதான் "கால் போய்விட்டது" என்று எழுதினார்கள். பிறகு 35 கோலோடு சீசனை முடித்தார். சாணைக்கல் இதைப் பற்றியும் சொல்லலாமே. ஸ்கேட் பூட் விரலால் அழுத்தினால் அமுங்காத பொருள். உள்ளே 2 மி.மீ. வீக்கம் இருந்தாலும் ஒவ்வொரு தள்ளலிலும் அதே இடத்தில் குத்தும்.

சாணைக்கல்:

ஆமா. அந்த மாதிரி நேரத்துல பூட்டைச் சூடாக்கி, அந்த ஒரு இடத்தை மட்டும் வெளியே தள்ளி விடுவாங்க. ஆனா வலி இருக்கிற கால் எட்ஜோட உச்சி வரைக்கும் சாயாது, கணுக்காலை நேரா வச்சுத் தப்பிக்கப் பார்க்கும். அந்தப் பழக்கம் வலி போனதுக்கப்புறமும் கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டே இருக்கும். அந்தச் சீசனோட தொடக்கத்தை வச்சு அவர் ஸ்கேட்டிங்கை மதிப்பிடறது நியாயம் இல்லை.

இன்னொண்ணும் சேர்த்துக்கறேன். முழங்கால் மடங்க மாட்டேங்குதுன்னா சில நேரம் தடை பூட்டுதான். மேல் ஓட்டையை விட்டுட்டு ஒரு ஓட்டை கீழே கயிறைக் கட்டினா கணுக்கால் முன்னே மடங்க இடம் கிடைக்கும். முழங்கால் விரல் நுனியைத் தாண்டி வந்தாத்தான் தள்ளறதுக்கு நீளம் கிடைக்கும்.

தடுப்பாளர்:

சரி, பாதம் விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா ஆல் ஸ்டார் வேகப் போட்டியை எடுத்துக்குங்க. 2017, 2018, 2019, அப்புறம் 2024ன்னு நாலு தடவை மெக்டேவிட். 2020ல மாத்யூ பார்ஸல் 13.175 வினாடி, மெக்டேவிட் 13.215. வேகம்னா இதுதான். அந்த உயரத்துல இருக்கிறவங்களோட சேர்த்து ராபர்ட்சனை முதல் வரிசை ஸ்கேட்டர்னு யாரும் சொல்ல முடியாது.

வெளிவிளிம்பு:

யாரும் அப்படிச் சொல்லவில்லையே, தடுப்பாளர். ஆனால் அந்தப் போட்டி எதை அளக்கிறது என்று பாருங்கள். ஒரு முழுச் சுற்று, நான்கு மூலைகள். ஜெயிப்பது மூலைகளில் வேகத்தை இழக்காதவர், கூட்டுபவர். அதைச் செய்வது கிராஸ்ஓவர், அதாவது ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே தாண்டி வைப்பது. கிராஸ்ஓவரில் வெளிக்கால் உள்ளெட்ஜால் தள்ளும். அது தாண்டி வரும்போது உள்ளே இருக்கும் கால் வெளியெட்ஜால் உடலுக்கு அடியில் தள்ளும். இந்த இரண்டாவது தள்ளலைப் பாதிப் பேர் செய்வதே இல்லை, காலை வெறுமனே தூக்கி வைக்கிறார்கள். மெக்டேவிட் இதை நேர் ஓட்டத்திலும் பயன்படுத்துகிறார். நடு ஐஸில் பக்கோடு வரும்போது இரண்டு கிராஸ்ஓவர் ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் என்று வளைந்து வளைந்து வேகம் ஏற்றுவார். நேராக ஓடுபவருக்கு ஒரு காலுக்கு ஒரு தள்ளல். இவருக்குச் சறுக்கும் நேரமே இல்லை. கூடவே டிஃபென்ஸ்மேனின் இடுப்பும் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

ராபர்ட்சன் நடு ஐஸில் நேர்கோட்டில் வருகிறார். என் பார்வையில் அவருடைய பெரிய இழப்பு இங்கேதான். கிளம்பும் அடியைத் திருத்துவது வயது ஏற ஏறக் கடினம். கிராஸ்ஓவரால் வேகம் ஏற்றுவது பழக்கத்தால் வருவது, இப்போதும் சேர்க்கலாம்.

நீலக்கோடு:

எண்களைப் பற்றியும் பேச வேண்டும். என்.எச்.எல். எட்ஜ் என்ற லீகின் புள்ளிவிவரத் தளம் 2023 அக்டோபரிலிருந்து ஸ்கேட்டிங் வேகத்தை எல்லோருக்கும் திறந்து காட்டுகிறது. மணிக்கு 18 முதல் 20 மைல், 20 முதல் 22 மைல், 22க்கு மேல் என்று பாய்ச்சல்களைப் பிரித்து எண்ணுகிறார்கள். 22 மைல் என்றால் மணிக்கு 35 கி.மீ.க்குச் சற்று மேல்.

இதைப் படிக்கும்போது மூன்று தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 22ஐத் தாண்ட நீண்ட வெற்றிடம் வேண்டும். பெரும்பாலும் எதிரணி முழுவதும் முன்னே வந்து மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் அது கிடைக்கும். தன் பகுதியில் பக்கைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் மூன்றாவது ஆளாக வருபவருக்கு அந்த வெற்றிடமே அமையாது. ராபர்ட்சன் செய்வது பெரும்பாலும் இதுதான். இரண்டு, எண்ணிக்கையை ஐஸில் இருந்த நிமிடங்களால் வகுக்காமல் ஒப்பிடுகிறார்கள். 20 நிமிடம் ஆடுபவரையும் 12 நிமிடம் ஆடுபவரையும் அருகருகே வைக்க முடியாது. மூன்று, அந்த வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆனது என்பது அதில் தெரியாது. 20 மைலை நான்கு காலடியில் எட்டியவரும் ஒன்பது காலடியில் எட்டியவரும் அங்கே ஒரே கணக்குதான். நாம் இங்கே வாதாடிக்கொண்டிருக்கும் முதல் மூன்று அடியை அந்தத் தளம் நேராகக் காட்டுவதே இல்லை.

மூன்றாம்வரிசை:

அதை டி.வி. பார்த்தே அளக்கலாம். கோல் கோட்டிலிருந்து அருகிலுள்ள நீலக்கோடு 64 அடி, இரண்டு நீலக்கோடுகளுக்கு நடுவே 50 அடி. நின்ற நிலையிலிருந்து அல்லது முழு நிறுத்தத்திலிருந்து கிளம்பும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டுக் கேமராவாக இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டும்வரை அடிகளை எண்ணுங்கள், வினாடியையும் குறியுங்கள். ஒரு காட்சி போதாது; ஆட்டத்துக்கு ஐந்தாறு எடுத்து, ஷிஃப்டின் முதல் 20 வினாடியில் வந்தவற்றை ஒரு பக்கமும் பிற்பாதியில் வந்தவற்றை ஒரு பக்கமும் வையுங்கள். சாதாரண ஷிஃப்ட் 45 வினாடி. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் அது நுட்பக் குறை இல்லை, களைப்பு. வித்தியாசமே இல்லாமல் இரண்டிலும் மெதுவாக இருந்தால்தான் வெளிவிளிம்பு சொல்லும் குறை.

வெளிவிளிம்பு:

நல்ல முறை. இப்போது அவருடைய பலத்துக்கு வருகிறேன். பலகையோரத்தில் முதுகில் ஒரு டிஃபென்ஸ்மேன் சாய்ந்திருக்கும்போது ராபர்ட்சனை விழவைப்பது மிகக் கடினம். நேர் ஓட்டத்தில் அவருக்குக் கேடாக இருக்கும் அதே அகலமான கால்வைப்பு இங்கே அவருக்குத் தூண். இரண்டு உள்ளெட்ஜும் ஐஸில் பதிந்திருக்க, முழங்கால்கள் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பக் நீட்டிய ஸ்டிக்கின் முனையில் டிஃபென்ஸ்மேன் எட்ட முடியாத தூரத்தில் இருக்கும். இடி வரும் பக்கத்துக் காலில் எடையை ஏற்றி அந்த இடியையே சுழல்வதற்குப் பயன்படுத்துகிறார். குதிகாலைக் குதிகாலோடு சேர்த்து இரண்டு பாதத்தையும் வெளியே திருப்பி வளைந்து செல்வது சிட்னி கிராஸ்பியிடம் எல்லோரும் பார்த்த நடை. ராபர்ட்சன் அதைப் பாதி அளவில், மெதுவாகச் செய்கிறார். ஆனால் அந்த நேரத்தில் முகம் முழுவதும் ஸ்லாட்டை (கோலுக்கு நேர் முன்னாலுள்ள இடத்தை) நோக்கி இருப்பதால் பாஸ் கொடுக்கும் வழி எல்லாம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது.

இன்னொன்று, வேகத்தைக் குறைக்கும் திறமை. உள்ளே நுழைந்ததும் சட்டென்று நிதானித்துவிடுவார். பின்வாங்கிக்கொண்டிருந்த டிஃபென்ஸ்மேன் அதே வேகத்தில் இன்னும் இரண்டு மீட்டர் போய்விடுவார். அந்த இரண்டு மீட்டர்தான் ஷாட் எடுக்க இடம். வேகத்தைக் குறைப்பதும் எட்ஜ் வேலைதான், இதுவும் ஸ்கேட்டிங்தான்.

தடுப்பாளர்:

இதை நான் மறுக்கலை. லூக் ரொபிடாயை 1984ல 171வது இடத்துல எடுத்தாங்க, காரணம் ஸ்கேட்டிங்தான். 668 கோல் போட்டார். ஜோ பாவெல்ஸ்கி 2003ல 205வது. ராபர்ட்சனோட ஒரே வரிசையில ஆடினவர், அவரும் வேகத்தால பேர் வாங்கினவர் இல்லை. எதிரணிப் பகுதிக்குள்ள மெதுவான கால் கோல் போடறதைத் தடுக்காது.

என் கவலை மத்த ரெண்டு பகுதியில. பக்கை இழந்ததும் திரும்பி ஓடற முதல் மூணு அடிதான் பேக்செக். அந்த மூணு அடி தாமதமானா எதிரணியோட நாலாவது ஆள் தனியா வந்துடறார். ஓவர்டைம்ல மூணுக்கு மூணு ஆடும்போது இது ரெண்டு மடங்காத் தெரியும், ஏன்னா மூடி மறைக்க ஆள் இல்லை.

வெளிவிளிம்பு:

அந்தக் கவலை நியாயமானது. அதை ஈடுகட்டுவது அவருடைய ஸ்டிக். பின்னாலிருந்து எட்டிப் பக்கைத் தட்டுவதில் கைதேர்ந்தவர், அதனால் ஒரு அடி தாமதத்தை ஒரு ஸ்டிக் நீளம் சமன்செய்கிறது. ஆனால் இரண்டு அடி தாமதத்தைச் சமன்செய்யாது. அப்போது ஸ்டிக் கொக்கிபோல மாட்டி பெனால்ட்டியாகும்.

இதே குறை உள்ள, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோல் கோட்டிலிருந்து மூன்று காலடி மட்டும் வெடித்துக் கிளம்பி, பிறகு சறுக்கி நிற்கச் சொல்லுங்கள். 6 முதல் 8 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 40 வினாடி முழு ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் அது மூச்சுப் பயிற்சியாகிவிடும், கால் மெதுவாகவே பழகும். பாதித் தடவை நேராக நின்று, மீதித் தடவை பக்கவாட்டில் நின்று கிளம்ப வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தில் நேராக நின்று கிளம்புவது அபூர்வம். கால் உள்ளே வருவதற்குத் தனிப் பயிற்சி: மெதுவான ஸ்ட்ரைடு, ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் குதிகால் குதிகாலைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்காத அடி கணக்கில் சேராது. ஐஸின் நீளத்துக்கு நான்கு முறை போதும். வேகத்தைக் கூட்டியதும் சத்தம் நின்றுவிடும். அந்த வேகம்தான் இப்போதைய எல்லை. அதற்குச் சற்றுக் கீழேயே இரண்டு வாரம் இருக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு கையில். இரண்டு கையாலும் ஸ்டிக்கைப் பிடித்து இடவலமாக வீசினால் தோள் திரும்பும், தோளோடு இடுப்பும் திரும்பும், கால் வெளியே போகும். மேல்கையை மட்டும் ஸ்டிக்கில் விட்டு, கைகளை முன்பின்னாக வீசச் சொல்லுங்கள்.

நீலக்கோடு:

நான் கேட்ட ஐந்தில், கிளம்பும் வேகம் குறை என்பதில் எல்லோரும் ஒன்று. எட்ஜ் பிடிப்பும் இடி தாங்கும் நிலையும் லீகின் மேல்மட்டம் என்பதிலும் மறுப்பு வரவில்லை. உச்ச வேகம் நடுத்தரம் என்று வைத்துக்கொள்கிறேன். முன்பின் திரும்புவதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

தடுப்பாளர்:

அதுல அவர் மோசமில்லை. முன்னாலேருந்து பின்னால திரும்பும்போது இடுப்பு முதல்ல திறக்குது, பாதம் பின்னால வருது. வேகம் போகுது, ஆனா பக்கை விட்டுக் கண் எடுக்கறதில்லை. பெனால்ட்டி கில்ல அவரைப் போட்டுப் பார்க்கணும்னா இதை வச்சுத்தான் போடணும். மேல் புள்ளியில துரத்தற ஆளாப் போடாம, தன் கோல் பக்கத்துல பாஸ் வழியை ஸ்டிக்கால அடைக்கற ஆளா.

வெளிவிளிம்பு:

அங்கே நான்கு பேரும் சிறிய பெட்டிக்குள் நிற்பதால் மூன்று அடிக்கு மேல் ஓட வேண்டியதே வராது. ஆனால் பக்கைப் பிடித்ததும் எதிரணிப் பகுதிவரை அடித்து அனுப்பிவிட்டு உடனே மாறிக்கொள்ள வேண்டும், தானே சுமந்துபோகப் பார்க்கக்கூடாது. 30 வினாடிக்கு மேல் அவரை அதில் வைத்திருந்தால் திரும்பவும் மார்பு நிமிரும்.